லாசரஸின் அடைப்பெட்டி

பகல் முழுவதும் ஐஸ் கம்பெனியில் குளிரில் விறைத்துப்போய் வேலை செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து முட்டைக்குச் சூடு பிடித்துக்கொண்டிருப்பவனை என்னவென்று சொல்வது? சிராங்கூன் சாலையில், கண்டாங் கெர்போ மாட்டுக்கொட்டகைகளின் பக்கம் குடியிருந்தவர்கள் லாசரஸைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். "கோழிக்கு வேலை போச்சு, இவன்தான் அடையில உட்கார்றான்" என்றார்கள் பால்காரர்கள். ஐஸ் கம்பெனிக் கூட்டாளிகள் அவனைக் கண்டால் கொக்கரித்துக் காட்டினார்கள். அவனுடைய அக்கா பிலோமினம்மாள் மட்டும் "என் தம்பி" என்றாள். அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் முகவாய் ஒரு விரற்கடை மேலே போகும்.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த மறு வருஷமே தாய் தகப்பன் இருவரும் காய்ச்சலில் போய்விட்டார்கள். அன்றிலிருந்து லாசரஸை வளர்த்தவள் பிலோமினம்மாள்தான். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தாள். அதற்குமேல் ஊசிதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். லூர்து மாதா கோவில் பீடத்துணிகளெல்லாம் அவள் கைத்தையல். ஒரு தையல் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி போடுவாள். தம்பி விஷயத்திலும் அப்படித்தான். அவன் சட்டைக் காலர் நிமிர்ந்து நிற்காவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

லாசரஸுக்குச் சின்ன வயசிலிருந்தே எதையாவது கழற்றிப் பார்க்காவிட்டால் கை அரிக்கும். அக்காவின் தையல் மெஷினோடு ஒரு ஓலை விசிறியைச் சேர்த்துக் கட்டினான். மிதித்தால் தையலும் ஓடும், காற்றும் வரும் என்றான். காற்று வந்தது. தைத்துக்கொண்டிருந்த துணி ஜன்னல் வழியாகப் பறந்து எருமையின் கொம்பில் மாட்டியது. தெருவே சிரித்தது. "காத்து வந்துச்சா இல்லையா?" என்று பிலோமினம்மாள் ஒருத்திதான் எல்லோரையும் கேட்டாள்.

கோழி இல்லாமலே முட்டையைப் பொரிக்கும் அடைப்பெட்டி யோசனை அவனுக்கு ஐஸ் கம்பெனியில்தான் வந்தது. அங்கே பாளம் பாளமான ஐஸ் கட்டிகளை மரத்தூளில் புதைத்து வைப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கட்டி கரையாது. ஒரு சாயங்காலம் அவன் ஒரு பிடி மரத்தூளை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் கொட்டினான்.

"அக்கா, இது வெளிச்சூட்டை உள்ளே விடாதுன்னா, உள்சூட்டை வெளியே விடுமா?"

"இப்பத்தான் கூட்டினேன். முதல்ல அள்ளு" என்றாள் பிலோமினம்மாள். பிறகு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "விடாதுதான்" என்றாள்.

இரட்டைச் சுவர் வைத்து ஒரு மரப்பெட்டி செய்தான். சுவர்களுக்கு நடுவே மரத்தூளைத் திணித்தான். அடியில் ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கு. மேல் தட்டில் முட்டைகள். பக்கவாட்டில் கண்ணாடி பதித்த ஒரு துவாரம். அதன் வழியே உள்ளே தொங்கும் தெர்மாமீட்டர் தெரியும். முதல் தடவை விளக்குத் திரியை அதிகமாகத் தூக்கி வைத்துவிட்டான். மதியத்துக்குள் எல்லா முட்டையும் வெந்துபோயிற்று. பொங்கோல் பக்கத்துக் கோழிப்பண்ணையில் பார்த்துப் பார்த்து வாங்கிய முட்டைகள். அன்று வந்தவர் போனவருக்கெல்லாம் முட்டைக்குழம்பு. தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிட, பிலோமினம்மாள், "எவ்வளவு சமமா வெந்திருக்கு பாரு! ஒண்ணு கூட அரைவேக்காடு இல்லை. சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவியிருக்கு" என்றாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அந்தச் சமயத்தில்தான் சர்க்கார் மானியம் பற்றிச் சேதி வந்தது. உணவுப் பொருளை இந்த ஊரிலேயே விளைவிக்கவும் செய்யவும் புது வழி காட்டுகிறவர்களுக்குச் சர்க்கார் பணம் கொடுத்து உதவும் என்று கோவில் வாசலில் ஒட்டியிருந்தார்கள். ஊருக்கு வேண்டிய முட்டையும் கோழியும் கப்பலில்தான் வந்துகொண்டிருந்த காலம் அது. லாசரஸ் விண்ணப்பம் போட்டான். மானியம் கிடைத்தால் பெரிய பெட்டியாகச் செய்து, பொங்கோல் பக்கம் ஒரு கொட்டகை போட்டு, ஐஸ் கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று இருவரும் கனவு கண்டார்கள்.

கம்பெனி வேறு கணக்குப் போட்டிருந்தது. பினாங்கில் புதிதாக ஒரு கிடங்கு திறக்கிறார்களாம். லாசரஸ் அங்கே போகவேண்டும், சனிக்கிழமைக் கப்பலில். மாட்டேன் என்றால் வேலை இல்லை.

சர்க்காரிடமிருந்து பதிலும் அதே வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை பெட்டியைக் கொண்டுவந்து துரை முன்னால் காட்டவேண்டும். வெள்ளிக்கிழமை மானியம் கிடைத்தால் தம்பி இங்கே. கிடைக்காவிட்டால் மறுநாள் பினாங்கு. பிலோமினம்மாள் எதையும் அரைகுறையாக விடுகிறவள் அல்ல. தகரப் பெட்டியை எடுத்து, அவன் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து, காலர் மடங்காமல் அடுக்கி வைத்தாள். அடுக்கி முடித்து மூடியபோது அவளால் அந்தப் பெட்டியைப் பார்க்க முடியவில்லை. ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

அடைப்பெட்டியில் அப்போது முப்பது முட்டைகள் இருந்தன. முட்டையை வேளாவேளைக்குப் புரட்டி வைக்கவேண்டும். எதைப் புரட்டினோம், எதைப் புரட்டவில்லை என்று குழம்பாமலிருக்க, பிலோமினம்மாள் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்து ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் சிலுவை போட்டிருந்தாள். காலையில் எல்லாச் சிலுவையும் மேலே பார்க்கும், மாலையில் எல்லாம் கீழே பார்க்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் லாசரஸ் பெட்டியில் காதை வைத்துக் கேட்டான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து பிலோமினம்மாளும் காதை வைத்தாள். உள்ளே யாரோ நகத்தால் சுரண்டுவது போல டக், டக் என்று ஒரு சத்தம்.

"அக்கா! ஓட்டைக் கொத்துது!"

"சத்தம் போடாதே. பயந்துக்கப் போகுது" என்றாள் அவள், அவனைவிடப் பெரிய குரலில்.

ரிக்‌ஷாவில் போனால் குலுங்கும். தண்டவாளத்தில் போகும் டிராம்தான் சரி என்று இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார்கள். வந்த டிராமில் கண்டக்டராக நின்றவன் ஆம்ப்ரோஸ், கோவில் பாடகர் குழுவில் லாசரஸுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவன். பிலோமினம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஏறுகிற வரைக்கும்தான்.

"அக்கா, பெட்டி வரலாம். அடியில எரியுதே விளக்கு, அது வரக்கூடாது."

"விளக்கை அணைச்சா முட்டை செத்துப்போகும், ஆம்ப்ரோஸு."

"அணைக்காம ஏத்தினா என் வேலை செத்துப்போகும்."

"போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு என் வீட்டுல ஏழு ஆப்பம் தின்னது யாரு?"

"தின்னது ஆம்ப்ரோஸ். இங்க நிக்கிறது கண்டக்டர்" என்றான் அவன், தொப்பியைச் சரிசெய்துகொண்டு. பிறகு கண்ணாடித் துவாரத்தில் எட்டிப் பார்த்தான். "என்ன இது, முட்டைக்கெல்லாம் சிலுவை? ஞானஸ்நானம் கொடுத்தாச்சா? அப்ப பயப்படாதீங்க, செத்தாலும் மோட்சந்தான்."

டிராமில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லாசரஸ் சிரிக்கவில்லை. குனிந்து விளக்கை ஊதினான். அவன் உயிரையே ஊதி அணைத்தது போல இருந்தது அந்த முகம்.

வண்டி புறப்பட்டு நாலு கடை தாண்டவில்லை, தண்டவாளத்தின் நடுவே ஒரு எருமை படுத்திருந்தது. ஆம்ப்ரோஸ் மணியை அடித்தான். எருமை காதை ஆட்டியது. டிரைவர் கத்தினார். எருமை வாலை ஆட்டியது. பால்காரர் ஒருவர் வந்து அதன் காதில் ஏதோ கொஞ்சிப் பேசி எழுப்பி நகர்த்தும்வரை வண்டி அங்கேயே நின்றது. லாசரஸ் இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பக்கத்திலிருந்த சீனப் பாட்டி பெட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போது பெட்டிக்குள்ளிருந்து, மிக மெல்லியதாக, "கீச்" என்றது. பாட்டி தன் சால்வையை எடுத்துப் பெட்டியின்மேல் போர்த்திவிட்டாள்.

ஆற்றங்கரையில் இருந்த சர்க்கார் கட்டடத்தில் அவர்களை எதிர்கொண்டவர் கந்தப்பு, யாழ்ப்பாணத்துக் கிளார்க்கர். தலைப்பாகையும் மூடிய கோட்டுமாக நறுவிசாக இருந்தார். லாசரஸ் தீப்பெட்டியை எடுத்ததும் பாய்ந்து வந்தார்.

"என்ன செய்யிறீர்? நெருப்போ? இஞ்சையோ? அறை முழுக்கக் காயிதம் கிடக்குது, தெரியேல்லையோ?"

"விளக்கு இல்லாம குஞ்சு வராதுங்க."

"விளக்கு வந்தால் நான் வீட்டை போகவேண்டியதுதான். துரை சாப்பிட்டு வந்துதான் பாப்பார். அந்த வாங்கிலை இருங்கோ" என்று சுவரோரப் பெஞ்சைக் காட்டினார்.

இருந்தார்கள். வெயில் ஏறியது, கடிகாரம் மணி மணியாக அடித்தது, துரை வரவில்லை. லாசரஸ் எழுந்து நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"அக்கா, வா, வீட்டுக்குப் போயிடலாம். அணைஞ்ச விளக்கை வச்சுக்கிட்டு அடைப்பெட்டின்னு எப்படிக் காட்டுறது? பினாங்குக்கே போயிடறேன். அங்கயும் கோவில் இருக்கு."

"உட்காருடா" என்றாள் பிலோமினம்மாள். அவள் கண்ணாடித் துவாரத்தில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டரின் வெள்ளிக் கம்பி, ஊசியில் கோக்கிற நூலைவிட மெல்லியது. வீட்டை விட்டுப் புறப்படும்போது எங்கே நின்றது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இப்போது ஒரு கோடுதான் இறங்கியிருந்தது. அவளுக்கு அது என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் பெட்டியை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

துரை வந்தார். சிவந்த, களைத்த முகம். சீமையிலிருந்து தருவித்த அடைப்பெட்டி ஒன்றை அவரே தம் பங்களாவில் வைத்திருந்தாராம். தகரம் தகரமாக மண்ணெண்ணெய் குடித்துவிட்டு ஒரு குஞ்சுகூடக் கொடுக்கவில்லையாம். அதனால் அவர் கேட்ட முதல் கேள்வியே எண்ணெய் பற்றித்தான். கந்தப்பு தமிழில் சொன்னார்.

"உங்கட பெட்டி நாளுக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும் எண்டு துரை கேக்கிறார்."

லாசரஸ் அணைந்த விளக்கைப் பார்த்தான். பிலோமினம்மாள் எழுந்து நின்றாள்.

"இன்னைக்கு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலைன்னு சொல்லுங்க."

"அக்கா!"

"விளக்கு காலையில டிராமில ஏறும்போதே அணைஞ்சது. அப்புறம் இவரு இங்க ஏத்த விடலை. இந்நேரம் வரைக்கும் பெட்டி சும்மாத்தான் இருக்கு. துரையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

கந்தப்பு அப்படியே மொழிபெயர்த்தார். தாம் விளக்கேற்ற விடாததையும் சேர்த்தே சொன்னார். துரை அடியிலிருந்த விளக்கின் திரியைத் தொட்டார். சில்லென்றிருந்தது. துவாரத்தில் எட்டிப் பார்த்தார், தெர்மாமீட்டரைப் பார்த்தார். பெட்டியைச் சுற்றிவந்து தட்டினார்.

"சுவருக்குள்ளை என்ன கிடக்குது எண்டு கேக்கிறார்."

அதற்கு லாசரஸ் முந்திக்கொண்டான். "மரத்தூள்! ஐஸ் கம்பெனி மரத்தூள். குஞ்சு வளர வளர முட்டைக்கே ஒரு சூடு வரும். தூள் அதை வெளியே விடாது. விளக்கு முதல் வாரத்துக்குத்தான் ரொம்ப வேணும். பின்னால வர வர…"

அவன் முடிக்கவில்லை. பெட்டிக்குள் கூச்சல் கிளம்பியது. ஒரு குரல் அல்ல, ஒரு கூட்டமே. லாசரஸ் மூடியைத் திறந்தான். துவாரத்துக்குத் தெரியாத மூலையில், காலையிலேயே வெளியே வந்திருந்த குஞ்சுகள் ஈரம் காய்ந்து மஞ்சள் பஞ்சாக நின்றன. நீலச் சிலுவை போட்ட ஓடுகள் இரண்டாகப் பிளந்து கிடந்தன. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஓடு விரிந்தது; ஒரு சின்ன அலகு எட்டிப் பார்த்து, துரையைக் கண்டதும் திட்டுவது போலக் கத்தியது.

துரை சிரித்தார். அந்தக் கட்டடத்தில் அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பக்கத்து அறைகளிலிருந்து கிளார்க்கர்கள், பியூன்கள் எல்லாரும் ஓடிவந்தார்கள். ஒரு குஞ்சு மேசைமேல் குதித்து மைக்கூட்டில் காலை விட்டு, விரித்து வைத்திருந்த வெள்ளைக் காகிதத்தில் குறுக்கே நடந்தது. இன்னொன்று கந்தப்புவின் கோட்டில் ஏறியது. "ஐயோ, பிடியுங்கோ! பிடியாதேங்கோ, நசுங்கிப்போம்!" என்று அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிலைபோல நின்றார். துரை தம் தொப்பியைக் கவிழ்த்து வைத்து, அகப்பட்ட குஞ்சுகளை அதில் போட்டார். தேநீர் வந்தது, ஆறியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கடைசி முட்டை வரைக்கும் இருந்து பார்ப்பேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முப்பதில் இருபத்தாறு வந்தன.

பிறகு அவர் ஏதோ சொன்னார். கந்தப்பு கோட்டிலிருந்த குஞ்சை மெல்ல எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"மானியம் உங்களுக்குத்தான் எண்டு சொல்லுறார். இண்டைக்கே கையெழுத்து வைக்கிறாராம். பெரிய பெட்டி செய்யச் சொல்லுறார்." சற்று நின்று, குரலைத் தாழ்த்தி, "இனிச் சொல்லுறது துரை சொன்னதில்லை, நான் சொல்லுறன். எனக்கு ஆறு குஞ்சு தருவியளோ?"

லாசரஸ் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. பிலோமினம்மாள் நேரே போய் அவன் காலரை நிமிர்த்திவிட்டாள். அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாயங்கால டிராமிலும் ஆம்ப்ரோஸ்தான். கீச்சுக் கூச்சலோடு வந்த பெட்டியைப் பார்த்து, "விளக்கு?" என்றான்.

"இல்லை."

"அப்ப ஏறுங்க. ஆனா போகும்போது ரெண்டு பேரு, வரும்போது இவ்வளவு பேரா? டிக்கெட் யாரு எடுக்கிறது?"

"ஆப்பத்துல கழிச்சுக்கோ" என்றாள் பிலோமினம்மாள். அன்றைக்குக் கண்டக்டர் வழிநெடுகப் பாடிக்கொண்டே வந்தான். லாசரஸும் சேர்ந்து பாடினான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சிக்கல். கந்தப்புவுக்குக் கொடுத்தது போக மீதி இருபது குஞ்சுகளை எதில் விடுவது? கூடை இல்லை, கூண்டு இல்லை. முதலில் பொரித்துக் காட்டவேண்டும் என்று நினைத்தார்களே தவிர, பொரித்த பிறகு என்ன என்று இருவருமே நினைக்கவில்லை. லாசரஸ் திருதிருவென்று விழித்தான்.

பிலோமினம்மாள் மூலையில் இருந்த துணியை இழுத்தாள். தகரப் பெட்டியைத் திறந்தாள். காலர் மடங்காமல் அடுக்கிய சட்டைகளை அள்ளி வெளியே போட்டாள். ஒன்றை மட்டும், நன்றாகத் தேய்த்த ஒன்றை, அடியில் மெத்தையாக விரித்தாள்.

"அக்கா, அது என் ஞாயித்துக்கிழமைச் சட்டை!"

"வேற தைச்சுக்கலாம்" என்றாள் அவள். பினாங்குக்குப் போகவேண்டிய பெட்டிக்குள் குஞ்சுகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டாள்.