எண்ணாமல் மடக்கிய கால்

உலாந்தாக்காரர் என்று நாங்கள் சொல்லும் டச்சுக்காரரின் கொடி பழவேற்காட்டுக் கோட்டையில் பறந்துகொண்டிருந்த காலம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கோட்டைக் கிடங்கில் துணி எண்ணுவது என் வேலை. இருபது துணி ஒரு கட்டு. காலை முதல் மாலை வரை பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விளிம்பைத் தடவி எண்ணிச் சொல்வேன். பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். எண்ணத் தொடங்கும்போது மூச்சை அடக்கினால் இருபது சொன்ன பிறகுதான் விடுவேன். நடுவில் விட்டால் எண்ணிக்கை நழுவும் என்பது எங்கள் கிடங்கில் எல்லோருக்கும் உள்ள பயம். முப்பத்தொரு வருடம் அப்படி எண்ணினேன்.

அந்த வருடம் மழை விட்டதும் வலப்பக்க இடுப்பில் ஒரு வலி ஆரம்பித்தது. பிட்டத்தின் நடுவில் புறப்பட்டு, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியே சுண்டுவிரலில் போய் முடியும். காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு இழுப்பது போல இருக்கும். படுக்கலாம், சற்று நேரம் நிற்கலாம், உட்கார மட்டும் முடியாது. கோட்டையில் மணல் கடிகாரத்தைத் திருப்பும்போதெல்லாம் மணி அடிப்பார்கள். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் ஒரு தடவைகூட என்னால் முழுதாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. நடந்தால் இருநூற்றுப் பத்து அடி. அதற்கு மேல் சுவரைப் பிடிக்க வேண்டும். நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தேன், எண்ணெய் தேய்த்தேன். எதற்கும் வலி கேட்கவில்லை. வேலை நின்றது.

அப்போதுதான் சுண்ணாம்புக்குளத்திலிருந்து சேதி வந்தது. என் ஒரே மகளை அங்கேதான் கொடுத்திருந்தேன். அவள் தாய் போன பிறகு பதினோரு வருடம் நானும் அவளுமாகவே இருந்த வீடு என்னுடையது. மாப்பிள்ளை துணியில் சாயச் சித்திரம் எழுதுபவர். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது என்றும், மாப்பிள்ளைக்கு மசூலிப்பட்டணத்தில் வேலை என்றும், நாற்பது நாள் கழிந்த மறுநாள் எல்லோரும் வண்டி கட்டி வடக்கே போகிறார்கள் என்றும் தோணிக்காரர் வந்து சொன்னார். எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாளுக்குள் ஏரித் தண்ணீரைத் தாண்ட மாட்டாள். அவள் வர வழியில்லை. நான்தான் போக வேண்டும். மீதி முப்பது நாள்.

காற்று சரியாக இருந்தால் தோணியில் பத்து நாழிகைப் பயணம். அரை நாழிகை உட்கார முடியாதவன் பத்து நாழிகைக்கு என்ன செய்வது? படுத்துக்கொண்டு வருகிறேன் என்று தோணிக்காரரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"படுத்துக்கினு ஏரி தாண்டுறது பொணம் மட்டுந்தான் கணக்கரே. என் தோணியில அது ஆவாது."

மாட்டு வண்டியிலும் ஏறிப் பார்த்தேன். தெருமுனை வருவதற்குள் இறக்கிவிடச் சொல்லி அழுதேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுக்குக் கொல்லைப்பக்கமாக வந்து இறால் விற்கும் பெண் ஒருத்தி இருந்தாள். வயதில் எனக்கு நாலைந்து குறைவு. வலை இல்லை, தோணி இல்லை. ஏரியில் முழங்கால் தண்ணீரில் தவழ்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நாளெல்லாம் குனிந்தே கிடப்பார்கள். நான் நின்றபடி சோறு தின்பதைப் பார்த்து, பந்தல்கால் மாதிரி நிற்கிறேனே என்று கேலி செய்தாள். விஷயத்தைச் சொன்னதும், இது தங்கள் ஆட்கள் எல்லோருக்கும் வருவதுதான் என்றாள். கரையேறியதும் மல்லாந்து படுத்து, வலிக்கிற காலின் கணுக்காலை மற்ற முழங்கால்மேல் குறுக்கே வைத்து, கீழே இருக்கும் தொடையை இரண்டு கையாலும் மார்புப் பக்கம் இழுத்துப் பிடிப்பார்களாம். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

'கொஞ்ச நேரம்' என்று ஒரு எண் எனக்குத் தெரியாது. நானே அறுபது என்று வைத்துக்கொண்டேன், மூன்று இருபது. ஒரு காலுக்குப் பத்துத் தடவை. இரண்டாம் நாள் இருபது தடவை. நாள் குறைகிறதே என்ற பதற்றத்தில் பிறகு முப்பது. சேதி வந்த ஒன்பதாம் நாள் காலை பாயைவிட்டு எழ முடியவில்லை. சுண்டுவிரல் மரத்துப்போயிருந்தது. மீதி இருபத்தொரு நாள்.

அன்று அவள் வந்தபோது படுத்தபடியே கத்தினேன். உன் பேச்சைக் கேட்டுத்தான் இந்தக் கதி, என் மகள் முகத்தை இனி எங்கே பார்ப்பேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் கூடையை இறக்கிவைத்து, செய்து காட்டச் சொன்னாள். செய்தேன். இருபது வந்ததும் மூச்சை விட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தண்ணிக்குள்ள முங்கினவன் மாரி மூச்ச அடக்கிக்கினு கீறீங்களே, இன்னா கணக்கரே இது? உடம்பு பலகையாட்டம் வெறச்சிக்கினு கீது. நரம்பு எங்கேந்து எளகும்?"

அவர்கள் கரையில் கிடந்து காலை இழுக்கும்போது ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்களாம். பேசுகிறவளால் மூச்சை அடக்க முடியாது. நான் முப்பத்தொரு வருடப் பழக்கத்தில், எண்ணத் தொடங்கியதுமே மூச்சைப் பூட்டியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

"பொண்ணத்தான பாக்கணும்? அவளப் பத்திப் பேசுங்க. ஒரு சேதி சொல்லி முடிக்கிற வரைக்கும் கால விடாதீங்க. அடுத்த சேதிக்கு அடுத்த காலு."

யாரிடம் பேசுவது என்று கேட்டேன். கூரைக்குச் சொல்லுங்கள் என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் சும்மா கிடந்தேன். பிறகு மெதுவாகக் காலை மடக்கி, வெட்கத்தோடு கூரையைப் பார்த்துப் பேசத் தொடங்கினேன். சிறு வயதில் இறாலின் மீசையைக் கண்டு மகள் அலறியது. எனக்குச் சோறு கொண்டுவந்து கோட்டை வாசலில் நின்றபடி 'நைனா' என்று அவள் கூப்பிட, உலாந்தாச் சிப்பாயும் அதே சொல்லால் என்னைக் கூப்பிட ஆரம்பித்தது. என்னைப் பார்த்து அவளும் எண்ணப் பழகி, முருங்கையில் எத்தனை காய் என்று தினமும் சொன்னது. பேசப் பேசப் பிட்டத்தில் ஒரு முடிச்சு அவிழ்வது தெரிந்தது. வலி சுண்டுவிரலைவிட்டுக் கெண்டைக்கு ஏறியது, பிறகு தொடைக்கு.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அவள் கல்யாணமாகித் தோணி ஏறிய நாளைச் சொல்ல வந்தேன். சொல்ல ஒன்றுமில்லை. அன்று சீர்ப் பாத்திரம் பதினேழும் தோணியில் ஏறியதா என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள் என்று மற்றவர்கள் பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. காலை விடாமல் வெகுநேரம் அப்படியே கிடந்தேன்.

மீதி இரண்டு நாள் இருக்கும்போது தோணி ஏறினேன். முதல் பாதி நன்றாகவே உட்கார்ந்தேன். பிற்பாதியில் வலி தொடைவரை இறங்கியது. மண்டியிட்டேன், மறுபடி உட்கார்ந்தேன். படுக்கவில்லை. சுண்ணாம்புக்குளம் கரையில் மாப்பிள்ளை கைகொடுத்து இறக்கினார். தோணிக்காரர் சொல்லி என் வலியை அறிந்திருந்த மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். குழந்தையை என் கையில் வைத்துவிட்டு, "உக்காந்துக்கினா வந்த, நைனா?" என்று மட்டும் கேட்டாள். தலையை ஆட்டினேன்.

நாற்பத்தோராம் நாள் காலை வண்டிகள் கிளம்பின. அவள் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பனைகள் மறைக்கிற வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எத்தனை வண்டி போயிற்று என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பதினான்கு வருடம் ஆகிறது. மூன்று ஓலை வந்தது, அவள் வரவில்லை. எனக்கும் இனி அவ்வளவு தூரம் போகும் வயதில்லை. கால்வலி அதன் பிறகு எட்டிப் பார்க்கவே இல்லை. ஆனாலும் தினமும் விடிந்ததும் மல்லாந்து படுத்து, வலக்காலை இடக்காலின் மேல் போட்டு, தொடையைக் கட்டி இழுத்துக்கொள்கிறேன். அவளைப் பற்றி இன்னும் ஒரு சேதி சொல்ல எனக்கு வேறு நேரம் கிடைப்பதில்லை.