உயிரோடு வாங்கிய சாவுச் செலவு

சேரங்கோட்டு அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றைக் கொடுத்தபோது, என் மாமனாருக்கு மட்டும் வேலை கொடுக்கவில்லை. இலங்கையில் மலை மலையாகத் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிய மனிதர். கப்பலில் வந்து இறங்கியபோது வயது கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. விறகு பொறுக்குவார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார், என் சமையலைக் குறை சொல்வார். இரண்டாவது மழைக்காலத்தில் அவருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். மருந்தை யார் ஊட்டுவது, அவரை யார் புரட்டிப் படுக்க வைப்பது என்பதற்கு அங்கே பதில் இல்லை. என் கணவருக்கு ஃபாக்டரியில் வேலை. நான் கொழுந்து பறிக்கிறவள், அதுவும் தற்காலிகம். தொடர்ந்து வேலைக்குப் போனால்தான் பெயர் நிரந்தரமாகும். பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது நான் இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். ஒரு சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளையும் வளர்க்க முடியாது. அதனால் அவர் தலைமாட்டில் கஞ்சியும் தண்ணீரும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு மலைக்குப் போனேன். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் அடுப்புக்கு அருகே தரையில் கிடந்தார். தண்ணீருக்காக உருண்டிருக்கிறார். நல்லவேளை, அடுப்பில் நெருப்பு இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. அவரையே திட்டினேன்.

அப்போது எங்கள் லயத்தில் மரணாதார சங்கம் ஒன்று இருந்தது. அக்கரையில் இலங்கையிலிருந்து சட்டி பானையோடு நாங்கள் கொண்டுவந்த வழக்கம் அது. சம்பளத்தன்று வீட்டுக்கு இவ்வளவு என்று போடுவோம். யாராவது செத்தால் பாடை, கோடித் துணி, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி, முக்கியமாகத் தப்பு மேளம், எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். இப்போது இன்சூரன்ஸ் என்று டை கட்டிய பையன்கள் வீடு தேடி வருகிறார்கள். எங்களுக்கு அது புதிது இல்லை. ஒரே குறை, எங்கள் சங்கத்தில் பலன் வேண்டுமானால் சாக வேண்டும்.

அடுப்படியில் விழுந்த அந்த வாரம் மாமனார் சங்கக் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். என் கணவர் முதுகில் சுமந்துகொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். வாய் கோணியிருந்தாலும் அவர் பேச்சு எல்லோருக்கும் புரிந்தது.

"நான் செத்தா செய்யிற செலவ எனக்கு இப்பவே குடுங்க. மாசா மாசம் கொஞ்சமாக் குடுத்தாப் போதும். பகல்ல ஒரு ஆள வச்சுக்கிறேன். பொறவு நான் செத்தா ஒன்னும் செய்ய வேணாம்."

சங்கத் தலைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னாங்க மாமா பேசுறீங்க? மேளம் இல்லாம எப்புடி எடுக்கிறது?"

"மேளச் சத்தம் எனக்கா கேக்கப் போவுது?"

"ஊருக்குக் கேக்குமே!"

"ஊருக்குக் கேக்கட்டும்னா நான் சாகப் போறேன்? யாரு காசுலயும் எனக்கு மேளம் வேணாம்."

சிலர் சிரித்தார்கள். சிலர் அபசகுனம் என்று எழுந்து போனார்கள். நெடுநேரம் இழுபறிக்குப் பிறகு தலைவர் அரைமனதாகச் சம்மதித்தார்.

எதிர்வீட்டில் ஒரு விதவை இருந்தாள். முட்டி தேய்ந்து மலை ஏற முடியாமல் வேலையை விட்டவள். சங்கத்துப் பணம் மாதாமாதம் அவள் கைக்குப் போனது. காலையில் நான் கூடையை மாட்டும்போது உள்ளே வருவாள், சாயங்காலம் நான் வந்த பிறகுதான் போவாள். அவரைத் துடைப்பாள், புரட்டுவாள், வெயில் அடித்தால் வாசலில் உட்கார வைப்பாள். முதுகில் இருந்த படுக்கைப் புண் ஆறியது. கொஞ்ச நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் ஆரம்பித்தார். இருவருக்கும் நாள் முழுக்க வாய்ச்சண்டைதான். என் சமையலைக் குறை சொன்ன வாய் அவளுடைய கஞ்சியைக் குறை சொல்ல ஆரம்பித்ததும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நான் நிம்மதியாகக் கொழுந்து பறித்தேன். பெயரும் நிரந்தரமானது.

சங்கப் பணம் தீர்ந்தபோதும் அவர் உயிரோடு இருந்தார். "தலைவருகிட்டச் சொல்லு, ஏமாந்துட்டாருன்னு," என்று சிரித்தார். அந்த விதவை வருவதை நிறுத்தவில்லை. பிறகு என் சம்பளத்திலிருந்து அவளுக்குக் கொடுத்தேன்.

அடைமழை பெய்த ஒரு காலையில் அவர் போய்ச் சேர்ந்தார். நான் அழுது முடிப்பதற்குள் பக்கத்து டிவிஷன் பையன்கள் மேளத்தோடு வந்து வாசலில் நெருப்பு மூட்டி மேளத் தோலைச் சூடு காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். லயத்துக்காரர்கள்தான் சங்கத்தில் கேட்காமல், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவர்களை அழைத்திருந்தார்கள். நான் வெளியே போய் வேண்டாம் என்றேன். என் கணவரே, "அடிச்சிட்டுப் போகட்டுமே," என்றார்.

"அவரு கூட்டத்துல வச்சுச் சொன்ன வார்த்த. செத்துட்டாருன்னா அது இல்லேன்னு ஆயிருமா?"

தலைவரின் தாயார்தான் எல்லோரையும்விடச் சத்தம் போட்டாள். வயதான மனுஷி, மகன் வீட்டில் மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருந்தவள். கம்பை ஊன்றிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். "அடி பாவி, அநாதப் பொணமாட்டம் தூக்கச் சொல்றியே! ஒனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? நாளைக்கு ஒனக்கும் இதே கதிதான்டி!"

ஆனாலும் நான் வாசலை விட்டு நகரவில்லை. பையன்கள் மேளத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். மழைச் சத்தத்தோடு அவரைத் தூக்கினோம். ஒரு மாதம் வரை லயத்துப் பெண்கள் பலர் என்னோடு பேசவில்லை. குழாயடியில் என் குடம் வந்தால் பேச்சு நின்றுவிடும். மனது வலித்தது. ஆனால் நான் செய்தது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

அடுத்த சம்பளத்துக்குச் சங்கம் கூடியது. முன்கூட்டிப் பணம் கொடுக்கிற வேலையே இனி வேண்டாம், அதனால்தான் லயத்துக்கு இவ்வளவு கெட்ட பெயர் என்று தலைவர் பேசினார். பலரும் தலையாட்டினார்கள். முடிக்கப் போகும் சமயத்தில் பின்னால் கம்பு தரையில் தட்டும் சத்தம் கேட்டது. அவருடைய தாயார் எழுந்து நின்றிருந்தாள். மகனைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எனக்கும் மேளம் வேணாம். எனக்குள்ளத இப்பவே குடுத்துருங்க. அவரப் பாத்துக்கிட்ட அந்தப் பொம்பளயவே வரச் சொல்லுங்க."

தலைவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அத்தனை பேர் இருக்கிற வீட்டில் பகலில் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆளில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.