ஊமைப்படத்துக்கு வாய் கொடுத்த கதை

தியேட்டரில் படம் ஓட்டுகிறவனை, படம் நின்றால் மட்டும்தான் சனம் திரும்பிப் பார்க்கும். ஹோட்டல் குசினிகளில் நிற்கிற உறவுகளே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சுவிஸில், பாசல் நகரத்தில் ஒரு சின்னத் தியேட்டரில் எனக்கு அந்த வேலை. போன மாரிக் குளிரில் எங்கள் முதலாளி உர்சுலா, ஜப்பான்காரர் சினிமாவின் ஆதிகாலத்தில் தங்கள் நாட்டார் கதைகளை வைத்துக் கீறிய ஊமைக் கார்ட்டூன்களை ஒரு கிழமை ஓட்டினார். அந்தக் கிழமை நான் பட்டது இது.

காது

முதல் நாள் ஒரு கிழவர் படம் முழுக்கக் காதுக் கருவியைத் திருகியபடியே இருந்தார். முடிந்ததும் பயந்துபோய் என்னிடம் வந்தார். "படத்துக்குத்தான் சத்தமில்லை, உங்கள் காதில் ஒரு பிழையுமில்லை" என்றேன். மனுஷன் கூட வந்த மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் நீயும் நானும் ஒரே அளவு கேட்டிருக்கிறோம்!"

சீலை

என் மனைவி வாசுகியையும் ஒருநாள் வரச்சொன்னேன். ஜப்பான் படம் என்றதும் பெரிய விழா என்று நினைத்துவிட்டாள். பட்டுச்சீலை, அதற்கு மேல் குளிர் ஜாக்கெட். ஜாக்கெட்டைக் கழற்றிக் கொழுவி, கதிரையில் இருந்து, சீலைக் கொய்யக மடிப்பைச் சரிசெய்து நிமிர, படம் முடிந்துவிட்டது. வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இந்தத் துண்டுப் படத்துக்கே நான் அரை மணித்தியாலம் நிண்டு சீலை உடுத்தனான்?"

பழத்துக்குள் ஒரு பொடியன்

அந்தக் காலத்து ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வாராம். சனிக்கிழமை அப்படிச் சொல்லவிருந்த ஜப்பான்காரர் ரயில் தடைப்பட்டு வழியில் நின்றுவிட்டார். மண்டபம் நிறைந்த சனம். "நீங்கள்தான் கிழமை முழுக்கப் பார்த்தீர்கள்" என்று உர்சுலா மைக்கை என் கையில் திணித்தார். குரங்கு ஏமாற்றிய நண்டின் கதையைத் தயார்படுத்திக்கொண்டு போய் நின்றேன். திரையிலோ, ஆற்றில் ஒரு பெரிய பழம் மிதந்து வருகிறது! எனக்குப் பதிலாகப் படம் ஓட்டப் போன உர்சுலா, எனக்குச் சொல்லாமலே படங்களின் வரிசையை மாற்றியிருக்கிறார்.

பழத்துக்குள் இருந்து ஒரு பொடியன் குதித்தான். "இவன் எங்கள் ஊர் ரைன் ஆற்றால் வந்தவன், கடவுச்சீட்டு இல்லை" என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில். சனம் சிரித்தது. எனக்குத் துணிவு வந்தது. கூடப் போன நாய் அவனுடைய சட்டத்தரணி, குரங்கு மொழிபெயர்ப்பாளர், பறவை சும்மா சாப்பாட்டுக்கு வந்தது. அவர்கள் சண்டைக்குப் போன தீவில் இருந்த பேய்களெல்லாம் விசா அதிகாரிகள். ஆற்றில் பழத்தை எடுத்த கிழவனும் கிழவியும் ஒரு கேள்வியும் கேட்காமல் அவனுக்குச் சோறு வைத்தார்கள் என்று சொல்லும்போது மட்டும் நான் பகிடி சேர்க்கவில்லை. நான் இந்த நாட்டில் வந்திறங்கியபோது எனக்கு முதலில் நீட்டியது சோறில்லை, கைரேகை வைக்கிற மை.

முடிந்ததும் ஒரு ஜப்பான் அம்மா எழும்பி வந்து குனிந்து வணங்கினார். "சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்கிறேன், அவனுக்கு விசா இல்லையென்று இன்றைக்குத்தான் தெரியும்."

நகரசபை

வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு உர்சுலாவிடம் போனேன். அதிகாரிகளைப் பேயாக்கியவனை யார் வைத்திருப்பார்கள்? அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்ததாலோ அழுததாலோ தெரியாது. "நாளைக்கு நண்டுக் கதை, அதையும் நீங்களே சொல்லுங்கள்; ஆனால் நகரசபை ஆட்கள் வருகிறார்கள், நண்டு பாசலில் பிறந்ததாகவே இருக்கட்டும்."

இந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் நான் கதைக்க நாலு பேர் வாய் பொத்திக் கேட்டது அந்த ஒரு நாள்தான், அதற்கும் படம் ஊமையாக இருக்கவேண்டியிருந்தது.