சுவர் காயும் வரை

குவைத்தில் நான் பார்த்த வேலை, அடுத்தவன் அடித்த பெயின்ட்டில் குற்றம் கண்டுபிடிப்பது. எண்ணெய்த் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் பூசிய பெயின்ட் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் இன்ஸ்பெக்டர். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மொத்தத்தையும் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கச் சொல்வேன். இரும்பில் ஈரம் இருக்கும்போது எவனாவது பிரஷ்ஷை எடுத்தால், சைட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்துவேன். ஃபோர்மேன்கள் எனக்கு வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

அப்படிப்பட்டவன் வீட்டுப் படுக்கையறைச் சுவர் அப்பளம் மாதிரி உப்பி, உரிந்து, என் தலையணையிலேயே விழுந்துகொண்டிருந்தது.

குவைத்தில் நம் ஊர்க்காரர்கள் நிறைந்த அப்பாசியாவில் மூன்றாம் மாடி. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரே சுவர். அதற்குள் ஓடிய தண்ணீர்க் குழாயில் எங்கேயோ கசிவு. பெயின்ட் கொப்புளமாகக் கிளம்பும். கொப்புளம் உடைந்தால் உள்ளே உப்புப் பூத்து மாவாய் உதிரும். அதற்கும் பின்னால் கறுப்புப் பூஞ்சை. எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவளுக்கு இருமல், வீசிங். கிளினிக்கில் டாக்டர் அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டே, “வீட்டில் ஈரச் சுவர் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“கொஞ்சமா இருக்கு,” என்றேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் என் மேலிருந்தே இரண்டு கோட் பெயின்ட் உரிந்துபோனது.

வெளியே வந்ததும் சொன்னாள். “ஏங்க, ரெண்டுல ஒண்ணு. இந்தச் சுவத்துக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா பிள்ளையத் தூக்கிட்டுத் திருச்சிக்குப் போறேன்.”

“சரியாயிடும்,” என்றேன். அந்த வருஷம் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான். இரண்டு வருஷம் பேச்சிலர் ரூமில் கிடந்து, விசா ஸ்பான்சரான கஃபீலின் ஆபீஸ் படிகளைத் தேய்த்து வாங்கிய ஃபேமிலி விசா. அதை ஒரு சுவரிடம் பறிகொடுப்பேனா?

அந்தக் கட்டடத்தின் உரிமையாளரை யாரும் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் ஹாரிஸை, அதாவது கட்டடக் காவலாளியைத்தான். கீழ்த்தளத்தில் ஓர் அறையில் இருந்துகொண்டு காவல், குப்பை, தண்ணீர் மோட்டார், பஞ்சாயத்து எல்லாவற்றையும் ஒருவராகவே கவனிப்பவர். எங்கள் ஹாரிஸ் எகிப்துக்காரர். எவ்வளவு பெரிய கோபத்தையும் ஒரு கிளாஸ் டீயில் அணைத்துவிடுவார்.

“யா முஹந்திஸ், மாஃபி முஷ்கில்! புக்ரா!” என்பார். இன்ஜினியரே, பிரச்சினையே இல்லை, நாளைக்குப் பார்த்துவிடலாம் என்று அர்த்தம். நான் இன்ஜினியர் இல்லை. அப்படிக் கூப்பிட்டால் எனக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது என்பதை அந்த மனுஷன் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். புலி மாதிரி படியிறங்கிப் போய், சர்க்கரை தூக்கலாக இரண்டு டீ குடித்துவிட்டுப் பூனையாக மேலேறி வருவேன்.

“என்ன சொன்னாரு?”

“நாளைக்குன்னாரு.”

“டீ குடிச்சீங்களா?”

நான் வாயைத் துடைத்துக்கொள்வேன்.

ஒரு மாதம் கழித்து ஒருவர் வெள்ளைப் பெயின்ட் வாளியோடு வந்தார். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், என்னைவிட மூத்தவர். உரிந்து தொங்கிய செதில்களின் மேலேயே ரோலரை ஓட்ட ஆரம்பித்தார்.

“என்னண்ணே, சொரண்டாம அடிக்கிறீங்க? சுவரு ஈரமா இருக்கே!”

“அடிக்கச் சொன்னாக சார். சொரண்டச் சொல்லலையே.”

“இப்படி அடிச்சா பத்து நாள் தாங்குமா?”

“பத்து நாள் தாங்கும் சார்,” என்றார் உறுதியாக. நேர்மையான மனிதர். பதினோராம் நாள்தான் உரிந்தது.

மூன்று முறை அவரை அனுப்பினார்கள். மூன்று முறையும் ஈரத்தின் மேலேயே அடித்துவிட்டுப் போனார். இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். குழாயைத் தொட வேண்டுமென்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும். பெயின்ட் அடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே பெயின்ட். ஒரு குழந்தை மூச்சுவிடத் திணறுகிறது என்று சொன்னால், எந்த ஷேட் வெள்ளை வேண்டும் என்று கேட்கிறார்கள்!

பொறுக்க முடியாமல், சைட்டில் மோசமான வேலைக்கு எழுதும் ரிப்போர்ட்டை என் வீட்டுச் சுவருக்கே எழுதினேன். குறைபாடு, காரணம், திருத்தும் முறை, ஃபோட்டோ எல்லாம் வைத்து ஹாரிஸின் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால், அதைத் தரையில் விரித்து ரொட்டியும் வெங்காயமும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு ரொட்டி நீட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாங்கித் தின்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் முட்டாள்தனத்தின் உச்சம். சைட்டில் மிச்சமான எபாக்ஸி அரை டின் கிடந்தது. கச்சா எண்ணெயையே தொட்டிக்குள் கட்டி வைக்கிற பெயின்ட், குளியலறைத் தண்ணீரையா விட்டுவிடும்? ஒரு வெள்ளிக்கிழமை காலை மனைவியையும் மகளையும் தெரிந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சுவரைச் சுரண்டினேன். சிவில் ஆட்களிடம் இரவல் வாங்கிய ஈரம் பார்க்கும் மீட்டரைச் சுவரில் வைத்ததும் அது கீச்கீச்சென்று கத்தியது. மீட்டரைக் கட்டிலில் குப்புறப் போட்டுவிட்டு அடித்தேன். வெளியே தூசிக்காற்று என்பதால் ஜன்னலையும் திறக்கவில்லை.

சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்து பத்து நிமிஷம் இருக்காது. அந்த நெடியில் மகளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் மாஸ்க்கை அவள் முகத்தில் பிடித்தபடி, என்னைப் பார்க்காமலேயே என் மனைவி கேட்டாள். “சைட்ல எவனாவது ஈரத்து மேல இப்படி அடிச்சா என்ன பண்ணுவீங்க?”

“வேலைய விட்டே தூக்கச் சொல்லுவேன்.”

மறுநாள் அவள் டிக்கெட் போட்டுவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, என் எபாக்ஸி கல்லிலிருந்து தோசை கிளம்புவது போல ஒரே விரிப்பாகச் சுவரிலிருந்து கிளம்பித் தொங்கியது. அவ்வளவுதான். ஐந்து மாதத்துப் புக்ராவெல்லாம் மண்டைக்கு ஏறிவிட்டது. சுத்தியலை எடுத்துச் சுவரை உடைக்க ஆரம்பித்தேன். மூன்றாம் அடியில் குழாய் தெரிந்தது. நான்காம் அடி குழாயிலேயே விழுந்தது.

தண்ணீர் பீய்ச்சியடித்து என்னைக் குளிப்பாட்டிவிட்டு, மூன்று மாடிப் படிகளையும் இறங்கி நேராக ஹாரிஸின் அறைக்குள் போனது. ஐந்து மாதமாகக் கிடைக்காத பிளம்பர் இருபது நிமிஷத்தில் வந்தார். மெயின் வால்வை மூடி, கசிந்த இணைப்பை அறுத்து, புதுத் துண்டு வைக்க முக்கால் மணி நேரம். வெறும் முக்கால் மணி நேர வேலை! ஹாரிஸ் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “யா முஹந்திஸ், லேஷ்?” என்றார். ஏனாம்! எனக்குத் தெரிந்த அரபி அத்தனையையும் கொட்டினேன். “கலாஸ்! சாய் மாஃபி! புக்ரா மாஃபி!” போதும், டீயும் கிடையாது, நாளைக்கும் கிடையாது! அதற்கு மேல் எனக்கு அரபி தெரியாததால் மிச்சத்தைத் தமிழில் முடித்தேன்.

பாதி அடுக்கிய பெட்டியோடு என் மனைவி அந்த ஓட்டையின் முன்னால் நின்றாள். “இது காய எத்தனை நாள் ஆகும்?”

சரியாயிடும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். “ஆறு வாரம். கொறஞ்சது.”

“அப்ப ஆறு வாரம் கழிச்சு வர்றோம். அதுக்குள்ள பெயின்ட் டப்பாவத் தொட்டீங்க...” முடிக்கவில்லை. மறுநாள் போய்விட்டார்கள்.

அவர்கள் போன மூன்றாம் நாள், பூச்சுவேலை முடிந்த கையோடு, புதுக்கோட்டைக்காரர் வாளியோடு வந்து நின்றார். “அடிக்கச் சொன்னாக சார்.” நான் இரண்டு கையையும் விரித்துச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணே, இதுல ஒரு சொட்டு பட்டாக்கூட நடக்கிறதே வேற!”

“அஞ்சு மாசமா நீங்கதானே சார் கேட்டீக?” என்றார். நியாயமான கேள்வி. வாளியோடு அவரைக் கீழே அனுப்பினேன்.

தினமும் சாயங்காலம் டூட்டி முடிந்து வந்ததும் மீட்டரைச் சுவரில் வைப்பேன். பிறகு ஃபோன் கார்டைச் சுரண்டித் திருச்சிக்குப் பேசுவேன். “இன்னைக்கு எவ்வளவு?” என்பாள் எடுத்ததும். முப்பது. இருபத்தேழு. இருபத்திரண்டு. பதினைந்துக்குக் கீழே வந்தால்தான் டிக்கெட். ஆறு வாரம் முடிந்த அன்று மீட்டர் பதினேழு காட்டியது. வேறு இடத்தில் வைத்துப் பார்த்தேன், பதினேழு. இரண்டே இரண்டு புள்ளி. திருச்சியிலிருந்து யார் வந்து மீட்டரைப் பார்க்கப் போகிறார்கள்?

“இன்னைக்கு எவ்வளவு?”

“பதினேழு,” என்றேன். “இன்னும் பத்து நாள் ஆகும்.”

“இருமுறாளா?” என்று கேட்டேன்.

“இல்ல. இங்க வந்த மறுவாரமே நின்னுடுச்சு.”

அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, சுவரில் போய் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. முட்டவும் முடியாது, சுவர் இன்னும் ஈரம். ஃபோனை வைத்துவிட்டு சுவர் காய வைத்திருந்த ஹீட்டரை இன்னும் ஓரடி நெருக்கினேன். சுவரை, குழாயை, ஹாரிஸை, ஜன்னலைத் திறக்காத அந்த எபாக்ஸி இன்ஸ்பெக்டரை, அந்த வரிசையில் வாய்விட்டுத் திட்டினேன். கடைசி ஆளைத் திட்டத்தான் அதிக நேரம் பிடித்தது.