கருப்புப் பயறும் சிவப்புப் பிள்ளையும்

கிராம சேவிகா உத்தியோகம் என்பது, கேட்காதவர்களுக்கு நல்லது சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தனியாகப் பல்லைக் கடிக்கிற உத்தியோகம். நர்ஸாகவோ டீச்சராகவோ ஊர் ஊராக அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில், சத்துள்ள சமையல் சொல்லிக்கொடுக்க என்னைக் கொடைக்கானல் மலைக்கு அனுப்பினார்கள். கூடவே இலவசமாகக் கொடுக்க ஒரு மூட்டை கருப்பு பீன்ஸ். மொச்சையைவிடச் சின்னது, நல்ல கருப்பு. ஊரில் அதைக் கருப்புப் பயறு என்றார்கள்.

பேத்துப்பாறையில் முத்தம்மா என்று ஒரு கூலிக்காரப் பெண் முழுகாமல் இருந்தாள். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பாக வெளுத்திருக்கும். முதல் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், பிள்ளையும் தங்கவில்லை. ரத்தம் ஊறாவிட்டால் இந்தத் தடவை ஆளே மிஞ்சாது என்று டாக்டரம்மா என்னிடம் சொல்லியிருந்தார். கறிக்கும் முட்டைக்கும் வழியில்லாத வீடு. இந்தப் பயறையாவது அவளைத் தின்னவைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அதிகாரி சமையல்

செய்முறை காட்ட எங்கள் மேலதிகாரி ஜீப்பில் வந்தார். நான் முதல் நாளே ஊறவைத்திருந்த பயறை ஓரமாக வைக்கச் சொன்னார். ஊறினால் சத்து போய்விடுமாம். காய்ந்த பயறைப் பானையில் போட்டு, புளியையும் உப்பையும் அப்போதே சேர்க்கச் சொன்னார். புளி விழுந்தால் பயறு வேகாது என்று அடுப்பைப் பார்த்த எவருக்கும் தெரியும். சொல்லிப் பார்த்தேன். அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மூடியைத் திறந்தால் பயறு அப்படியே கிடக்கிறது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். ஊரே என்னை முறைத்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முத்தம்மாவின் மாமியார் சீனியம்மாதான் வாயைத் திறந்தார்: "அய்யா பேசுன நேரத்துக்குக் கல்லே வெந்திருக்குமே, டீச்சரம்மா."

முன்வரிசை

மறுவாரம் நானே அடுப்பைப் பற்றவைத்தேன். ஊறின பயறைக் குழைய வேகவைத்து, கடைசியில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்துச் சுண்டல் செய்தேன். கொஞ்சத்தை மசித்துக் குழம்பு வைத்தேன். வெந்த தண்ணீரையும் கொட்டாமல் மிளகு, சீரகம் தட்டிப்போட்டு ரசமாக்கினேன்.

வாசம் பிடித்து வந்த ஆண்கள், பெண்களை எழுப்பிவிட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். முத்தம்மாவுக்கு ஒரு வாய்கூட மிஞ்சவில்லை. அவர்கள் தின்ற இலைகளை அவள்தான் குனிந்து எடுத்துப் போட்டாள். கரண்டியாலேயே நாலு போடலாமா என்று வந்தது எனக்கு. பிள்ளைத்தாச்சிக்கு என்று சமைத்ததை இப்படித் தின்னலாமா என்று அவள் புருஷனிடமே கேட்டுவிட்டேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "எங்களுக்குத் தெம்பு இருந்தாத்தானங்க அவளுக்குக் கஞ்சி."

நிறம்

இனி நேராக வீட்டில் கொடுப்பதுதான் சரி என்று பயறைச் சீனியம்மா கையிலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் மருமகளுக்குத் தரமாட்டாராம். முழுகாமல் இருக்கிறவள் கருப்பாக எதைத் தின்றாலும் பிள்ளை கருப்பாகப் பிறக்குமாம். நாவல் பழத்துக்கும் அந்த வீட்டில் தடை. வீட்டில் ஒருத்தரும் சிவப்பில்லை, நானும் சிவப்பில்லை. கருப்பாகப் பிறந்து நான் என்ன கெட்டுப்போனேன் என்று கேட்க நாக்கு துடித்தது.

அடக்கிக்கொண்டு, இரும்புச் சத்து, புரதச் சத்து எல்லாம் எடுத்துச் சொன்னேன். மலச்சிக்கல் தீரும், ரத்தம் ஊறிச் சிவக்கும், பிரசவத்தைத் தாங்குவாள் என்றேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ரத்தம் உள்ள கெடக்கு, அதை யாரு பாக்கப் போறா? புள்ளதானங்க செவப்பா இருக்கணும்."

சினைமாடு

அடுத்த தடவை போனபோது கொல்லையில் சினைமாடு பளபளவென்று நின்றது. நான் கொடுத்த பயறெல்லாம் வெந்து அதன் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். சீனியம்மா நிதானமாகச் சொன்னார்: "கன்னுக்குட்டி கருப்பாப் பொறந்தா என்னங்க, அதுக்கா மாப்பிள்ளை தேடப் போறோம்?"

இனி ஒரு பயறு இந்த வீட்டுக்குக் கிடையாது என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். முத்தம்மா பின்னாலேயே வந்து முந்தானையைப் பிடித்தாள். முகத்தைப் பார்த்தேன், ஏதோ தெளிந்திருந்தது. இமையை இழுத்துப் பார்த்தேன். லேசாகச் சிவப்பு ஓடியிருந்தது. அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நிறுத்திராதீங்க டீச்சரம்மா. மாட்டுக்கு வேகவைக்கிறது நான்தான்."

பேத்தி

முத்தம்மாவுக்குப் பெண் பிறந்தது. அவளும் பிழைத்தாள். நான் போனபோது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அப்பனை உரித்துவைத்த கருப்பு. முத்தம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சீனியம்மா என்னை வாசலிலேயே மறித்துக்கொண்டார்: "ஒரு பயறு அவ வாயில படலை. நீங்க வந்து வந்து பேசுன தோசத்துக்கே என் பேத்தி கருப்பாயிருச்சு."

என் உத்தியோகத்தில் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசாமல் முழுசாக வாங்கிக்கொண்டு வந்த திட்டு அது ஒன்றுதான்.