அழ வைக்காத ஊசி

குடும்ப மருத்துவம் படித்துவிட்டு ஆம்பூருக்குப் புதிதாக வந்த அந்த டாக்டருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்காமல் எந்தக் குழந்தையையும் தொடமாட்டார். காய்ச்சலில் கிடந்த என் மகனின் நெஞ்சு, காது, தொண்டை எல்லாம் பார்த்துவிட்டு, "சளிக்காய்ச்சல்தாம்மா, சிரப் போதும்" என்றார்.

எனக்குப் பயம் தீரவில்லை. "சார், உங்களுக்கு ஊசி போடத் தெரியும்ல?"

"தெரியும்மா. போடாம இருக்கறதுக்குத்தான் ஜாஸ்தி படிச்சேன்."

"ஊசி போடலன்னா எங்க மாமியார் வேற டாக்டர்கிட்ட தொரத்துவாங்க சார்."

கொஞ்சம் யோசித்தவர், குழந்தையின் தொடையில் வட்டமாக ஒரு பிளாஸ்திரி ஒட்டினார். "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்களே பாத்துக்கட்டும்."

வழியெல்லாம் மகனின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வீடு வந்தேன். மாமியார் பிளாஸ்திரியைத் தடவினார். "புள்ள அழவேயில்ல பாரு! இன்னா கை அந்த டாக்டருக்கு!"

காய்ச்சல் இறங்கியது. மறுவாரமே, தன் முழங்கால் வலிக்கும் அதே ஊசி வேண்டுமென்று மாமியார் கிளம்பிவிட்டார். குட்டு உடைந்துவிடுமோ என்று நான் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து, மாமியார் கையில் ஒட்டிய பிளாஸ்திரியோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று இருவருமே இன்றுவரை சொல்லவில்லை.