நான் மறைத்த ஸ்லைடு

ஒருவனின் வேலையை நான் பறித்தேன். அவன் பெயர் சலீம். அரக்கோணத்துக்காரன், நான் திருத்தணி. தொண்ணூறுகளின் கடைசியில் வெளிநாட்டில், அபர்டீனில், ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். அங்கே மாணவன் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ சொல்வது தப்பு" என்பான். பிறகு இருவரும் சேர்ந்து தேநீர் குடிப்பார்கள். அது எனக்குக் கடைசிவரை பழகவில்லை. சலீம் ஒருவன்தான் என்னை "சார்" என்றான். அதற்காகவே அவனை என் கீழ் வைத்துக்கொண்டேன்.

கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லில் ஒரு புரதம் உண்டு. அதை மட்டும் அடையாளம் காட்டும் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஒன்றை மூன்று வருடம் உழைத்து உருவாக்கியிருந்தேன். ஆனால் மேக்ரோஃபேஜ் எந்த ஆன்டிபாடியின் வாலையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே எதையும் அடையாளம் காணாத இன்னொன்றையும் தனி ஸ்லைடில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டிய இடம் சாயத்தால் பச்சையாக மின்னும்; அந்த இன்னொன்றும் மின்னினால் என் முடிவு பொய்.

சலீம் பார்த்தான். "சார், சும்மா போட்ட ஸ்லைடும் அதே மாரி பச்சையா மின்னுது. நம்புளுது புரதத்தப் பாக்கல சார், சும்மா ஒட்டிகினு கீது."

"வாய மூடிகினு இரு. இவனுங்க எதிர்ல மானம் போயிடும்" என்றேன். அந்த ஸ்லைடை என் மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். கட்டுரை வெளியானது.

மறுவருடம் வேறு ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை. எல்லோரையும் உட்காரவைத்து எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் சலீமிடம் கேட்டார்: "அந்த இரண்டாவது ஸ்லைடுச் சோதனையைச் செய்தாயா?" சலீம் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்நியர் எதிரில் நம் ஊர்ப் பெரியவரை மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவன் அவன். அவர்களுக்கோ மௌனம் என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒரே மாதத்தில் பெட்டி கட்டினான். போகும்போதும் "வரேன் சார்" என்றான்.

ஓய்வு பெற்றபின், கட்டுரை வெளியான ஆய்விதழுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் உண்மையை எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அபர்டீன் நண்பர்கள் என் தொலைபேசி அழைப்பை எடுப்பதை நிறுத்தினார்கள். கடிதத்தின் நகலோடு ஊர் திரும்பி, அரக்கோணத்தில் சலீமின் அப்பா வைத்திருந்த ஸ்கூட்டர் பட்டறைக்குப் போனேன். சலீம் அங்கே கார்புரேட்டர் துடைத்துக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை.

அவன் அப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார். "இங்கிலீஷ் காயிதம் எனுக்கு இன்னாத்துக்கு? எம்புள்ள தப்பு பண்ணிட்டு ஓடியாந்துட்டான்னு இந்தத் தெருவே சிரிச்சிச்சி. தமிழ்ல எழுதுய்யா."

ஒரு ஸ்கூட்டரின் சீட்டில் தாளை வைத்து, தப்பு என்னுடையது, சலீம் மேல் தப்பில்லை என்று நின்றபடியே எழுதிக் கையெழுத்திட்டேன்.

"ஊரு?" என்றார் அவர்.

பேனா நின்றது.

"இன்னா யோசன? ரெண்டுத்தையும் போடு. அங்க இருந்தா இந்த ஊரு, இங்க வந்தா அந்த ஊருன்னு தப்பிச்சிக்கலாம்னு பாக்கிறியா?"

அபர்டீன், திருத்தணி என்று எழுதினேன். அவர் பசை டப்பாவை எடுத்தார்.

அப்போதுதான் சலீம் வாய் திறந்தான். என்னிடம் அல்ல. "வெளிச் செவுத்துல ஒட்டு அத்தா. திருத்தணி பஸ்ஸு அங்கதான் நிக்குது."

ஒட்டினார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நெருங்கி வந்து படித்தார்கள். ஒருவர் சத்தமாகப் படித்தார். பஸ் வந்ததும் அவர்களோடு நானும் ஏறினேன்.